கத்தரிக்கோல் வியாழன்

உடும்பஞ்சோலைக்குப் பக்கத்தில், ஏலத்தோட்டத்தை ஒட்டிய ஒரு தங்கும் விடுதியில் அழகுத்தாய்க்குத் துணி தேய்க்கிற வேலை. இருபத்து மூன்று வருஷம் ஏலக்காய் எடுத்தவள். மேடேற முட்டி இடம் கொடுக்காமல் போனதும் இங்கே சேர்ந்தாள். அவள் புருஷன் கருத்தப்பாண்டி அதே விடுதியில் வாசல் காவல். சீருடையோடு அவருக்கு ஒரு டையும் உண்டு. முடிச்சுப் போடத்தான் வராது. மேனேஜர் கோபிநாத்திடம் கற்றுக்கொண்டு, கிளம்பும் முன் வீட்டிலேயே அவள் கட்டிவிடுவாள். அவர் முகவாயைத் தூக்கிக்கொண்டு நிற்பார்.

பிப்ரவரியில் ஜெர்மனியிலிருந்து ஹில்டா என்கிற வயதான அம்மா தனியாக வந்து தங்கியிருந்தார். ஒரு வியாழக்கிழமை காலை அவர் சாப்பிட வரவில்லை. தேய்த்த துணியை அறைக்குக் கொண்டுபோன அழகுத்தாய், அவர் கட்டிலில் உட்கார்ந்து கண்ணைத் துடைப்பதைப் பார்த்தாள். பாஷை தெரியாதே. வரவேற்பில் இருக்கும் சித்ராவைக் கூட்டிவந்தாள்.

சித்ரா ஆங்கிலத்தில் கேட்டுச் சொன்னாள். "ஈஸ்டர் நோம்பு தொடங்குறதுக்கு முந்தின வியாழன் இவங்க ஊர்ல திருவிழாக்கா. சின்ன ஊருதான். எல்லாரும் வேஷம் கட்டிருவாங்களாம். இன்னிக்கு முழுக்கப் பொம்பளைக ராஜ்யம். எந்த ஆம்பளை டை கட்டிட்டு வந்தாலும் கத்தரிக்கோலால வெட்டிருவாங்க. பதிலுக்குக் கன்னத்துல ஒரு முத்தம். கோவிக்கக் கூடாதாம்."

"இவங்க யாரு டையை வெட்டுவாங்களாம்?"

"புருஷனோடதை. நாப்பத்தொரு வருஷமா. அவரும் வெட்டு வாங்கத் தோதா பழைய டையைக் கட்டிட்டு வந்து நிப்பாராம். போன வருஷம் தவறிட்டாரு. இந்த நாள்ல அங்க இருக்க முடியாதுன்னுதான் இம்புட்டு தூரம் வந்திருக்காங்க."

சித்ராவை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு அழகுத்தாய் துணியறைக்குப் போனாள். கழித்துப் போட்ட துணிகளுக்குள் புருஷனுடைய வெளுத்த டை ஒன்று கிடந்தது. அதையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"எதுக்கு புள்ள இது?" என்றார் கருத்தப்பாண்டி.

"ஒரு அம்மா வெட்டணும். கொஞ்சம் குனிங்க."

கட்டியிருந்த டையை அவிழ்த்துவிட்டு, பழையதற்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டு முடித்துக் காலரைத் தானே சரிசெய்துகொண்டார். "சரி, வா."

ஹில்டாவின் அறை வாசலில் நின்று, பழக்கத்தில் ஒரு சல்யூட் வைத்துவிட்டு முகவாயைத் தூக்கினார். அழகுத்தாய் கத்தரிக்கோலை நீட்டினாள். ஹில்டா வெகுநேரம் டையையே பார்த்தார். தப்புப் பண்ணிவிட்டோமோ என்று அழகுத்தாய் கையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தாள். அப்புறம் ஹில்டா எழுந்து வந்து கத்தரிக்கோலை வாங்கி, முடிச்சுக்குக் கீழே ஒரே வெட்டாக வெட்டினார். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். முத்தம் கொடுக்கக் கிட்டே போனபோது கருத்தப்பாண்டி இரண்டடி பின்வாங்கினார். ஹில்டாவுக்குப் புரிந்துவிட்டது. அழகுத்தாயின் தோளைப் பிடித்து முன்னே தள்ளினார்.

"வேணாம் புள்ள, சித்ரா பாக்குது," என்று கருத்தப்பாண்டி முணுமுணுத்தார்.

"கோவிக்கக் கூடாதாம்," என்றாள் அழகுத்தாய். எட்டி, கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தாள். அவர் திரும்பிப் பார்க்காமல் வாசலுக்குப் போய்விட்டார்.

மத்தியானம் ஹில்டா சமையலறைக்கே வந்து உட்கார்ந்து ரசம் சோறு சாப்பிட்டார். போனில் ஒரு படத்தைக் காட்டினார். நெட்டையான மனிதர், நரைத்த மீசை.

"ஓட்டோ," என்றார்.

"ஓட்டோ," என்று அழகுத்தாய் திருப்பிச் சொன்னாள். இன்னொரு தரம் சொல்லும்படி ஹில்டா கையைக் காட்டினார். அவள் நிதானமாக இன்னொரு தரம் சொன்னாள்.