பின்பக்கம் திருப்பிய சைலன்சர்

நீலசந்திராவில் ஓஸ்வால்ட் என்று கேட்டால் எந்த ஓஸ்வால்ட் என்பார்கள். ஜெனரேட்டர் ஓஸ்வால்ட் என்றால் கையைப் பிடித்து வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். ஆறாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டு, சிவாஜிநகர் மெக்கானிக் கடையில் வேலை பழகிய மனுஷர். கல்யாணமான வருஷம் ஒரு பழைய டீசல் ஜெனரேட்டரை வாங்கித் தள்ளுவண்டியில் ஏற்றினார். அன்றிலிருந்து கோயில் திருவிழாவில் மாதா தேருக்கு வெளிச்சம் அவருடையதுதான்.

முதல் வருஷம் இன்ஜின் புகை மாதாவின் வெள்ளைப் பட்டில் கரியாகப் படிந்துவிட்டது. சாமியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். மறுவருஷம் சைலன்சரில் நீளக் குழாயைப் பற்றவைத்துப் பின்பக்கம் திருப்பிவிட்டார். அப்புறம் பட்டில் ஒரு புள்ளி விழுந்ததில்லை. இந்தக் கதையை ஊரில் அவர் சொல்லாத ஆள் கிடையாது.

இந்த வருஷத் திருவிழாக் கூட்டத்தில் டேரில் எழுந்தான். பேட்டரியில் ஓடும் சரக்கு ஆட்டோ வைத்திருப்பவன்.

"அங்கிள், தேர்ல இப்ப எல்லாம் எல்.ஈ.டி. பல்பு. என் வண்டி பேட்டரியே தாங்கும். ஒரு இன்வெர்ட்டர் போதும். புகை இல்ல, சத்தம் இல்ல, ஜபமாவது காதுல விழும்."

ஓஸ்வால்டுக்குச் சுருக்கென்றது. "உன் பேட்டரிக்குக் கரண்டு என்ன, மாதா குடுக்கறாங்களா? ராய்ச்சூர் பவர் ஸ்டேஷன்ல கரியக் கொளுத்தித்தான்டா வருது. இங்க விடற புகைய அங்க விடற. ராய்ச்சூர்காரனுக்கு மூக்கு இல்லியா?"

"கரி மட்டுமா அங்கிள்? ஷராவதி டேம்ல தண்ணி இருக்கு, பாவகடால சோலார் இருக்கு..."

"மழை ஏமாத்தினா தண்ணி ஏது? தேர் கிளம்பறதே பொழுது சாஞ்சப்புறம், சூரியன் ஏது? நடுரோட்டுல மாதாவ இருட்டுல நிறுத்தப் போறியா?"

கூட்டம் சிரித்தது. பேச்சு அதோடு முடிந்தது. டேரிலின் வண்டிக்கு, தேருக்கு முன்னால் மைக் செட் ஏற்றிப் போகும் வேலையைக் கொடுத்தார்கள். ஓஸ்வால்டுக்கு மட்டும் உள்ளே தெரியும். பல்பு மாற்றிய நாள் முதல் இன்ஜினுக்கு லோடே இல்லை. பகலில் ஏற்றிய பேட்டரி ராத்திரி எரியும் என்பதும் தெரியும். ஆனால் ஜெனரேட்டர் போய்விட்டால் அவர் எந்த ஓஸ்வால்ட்?

திருவிழாவன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எப்போதும் போலத் தேரின் ஓரமாக நடந்தார். தேருக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டி. அதற்குப் பின்னால் ஜபமாலை சொல்லிக்கொண்டு மாதா சபைப் பெண்கள். குழாய் போடத் தோண்டி அரைகுறையாக மூடியிருந்த சந்தில் வண்டியின் பின்சக்கரம் இறங்கிவிட்டது. தள்ளிவிட ஓடினார். இத்தனை வருஷத்தில் ஓடுகிற இன்ஜினுக்குப் பின்னால் அவர் போனது அதுதான் முதல் தடவை.

புகை முகத்தில் அறைந்தது. இரண்டு பக்கமும் சுவர்; போக வழியில்லாமல் அங்கேயே சுருண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். பெண்கள் எல்லோரும் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார்கள். முன்வரிசையில் அவர் மனைவி பவுலின், ஈரக் கைக்குட்டைக்குள் இருமிக்கொண்டிருந்தாள். மூக்குக்குக் கீழே கரிக்கோடு. ஒவ்வொரு திருவிழாவுக்கு அப்புறமும் அவள் ஒரு வாரம் இருமுவாள். "மழைல நனைஞ்ச" என்று அவரும் சிரப் வாங்கி வருவார்.

"பவுலின், இங்கியா நடக்கற?"

"பின்ன எங்க நடப்பேன்? மாதா சபை என்னிக்கும் இங்கதான்."

"ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"கூட்டத்துல ராய்ச்சூர்காரன் மூக்குக்கு அவ்ளோ வக்காலத்து வாங்கினீங்க. பொண்டாட்டி மூக்கு தெரியாதான்னு இருந்துட்டேன்."

பக்கத்தில் நின்ற குளோரியா, "விடு பவுலின், சக்கரம் ஏறிடுச்சு, தேர் நகருது" என்றாள்.

வெள்ளைச் சட்டை உடம்பில் கனத்தது. ஓஸ்வால்ட் ஊர்வலத்தை ஒதுக்கிக்கொண்டு முன்னால் போய் டேரிலின் வண்டியை நிறுத்தினார்.

"என்ன அங்கிள், ஜெனரேட்டர் தாத்தா மல்லாந்துட்டாரா? டீசல் தீந்துச்சா?"

டேங்க் நிறைய அவரே காலையில் ஊற்றியது. நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தார். "ஆமா" என்றுதான் வந்தது.

கிண்டல் பண்ணுவான் என்று நினைத்தார். பண்ணியிருந்தால் தேவலை. "பரவால்ல அங்கிள். எதுக்கும் இருக்கட்டும்னு இன்வெர்ட்டரும் போட்டுட்டு வந்தேன்" என்று வண்டியை ஓரங்கட்டினான். தேர் பக்கத்தில் வந்ததும் இன்ஜினை அணைத்து ஒயரை மாற்றினார்கள். மாதா இருட்டில் நின்றது ஒரு மூச்சு நேரம்தான்.

ஜெனரேட்டரை நடைபாதையில் ஏற்றிவிட்டு, ஓஸ்வால்ட் பெண்களோடு நடந்தார். டேரிலின் வண்டி சத்தமில்லாமல் தேரை ஒட்டிப் போனது. இத்தனை வருஷமாக இன்ஜின் சத்தத்தில் அமுங்கிக் கிடந்த ஜபமாலை சொல் சொல்லாகக் கேட்டது. "டீசல் தீந்துடுச்சாம், பாவம்" என்று யாரோ பரிதாபப்பட்டார்கள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

பவுலின் முகத்தைத் திருப்பாமலே கேட்டாள். "காலைல டேங்க் ரொப்பினீங்களே?"

"ஆமா."

"அப்ப தீரலை."

"தீரலை" என்றார். சத்தமாகவே வந்துவிட்டது. குளோரியா திரும்பிப் பார்த்துவிட்டு ஜபத்தைத் தொடர்ந்தாள். பதில் ஜபம் சொல்ல அவரும் வாயெடுத்தார். இருமல்தான் வந்தது, நிற்கவில்லை.

பவுலின் தன் கைக்குட்டையை நீட்டினாள். வாயைத் துடைக்கக் கரிபடாத ஒரு மூலையைத் தேடித் தேடிப் பார்த்தார். இல்லை.