இல்மாவின் மேசைப் பொத்தான்

வருகிறவர்களின் பையை வாங்கித் தலைகீழாகக் கவிழ்ப்பதுதான் இல்மா லாத்தினென் முதலில் செய்யும் வேலை. மாத்திரைக் குப்பிகள், மூலிகைத் தேநீர்ப் பொட்டலங்கள், யாரோ ஒரு அத்தை கொடுத்த காளான் பொடி எல்லாம் மேசையில் உருளும். புறங்கையால் இரண்டாக ஒதுக்குவார். "இது கீமோவோட சண்ட போடும். இது போடாது. இது வெறும் மாவு, ரொட்டி சுட்டுக்கோ."

அஸ்டோரியா என்ற துறைமுக ஊரில், மழை ஓயாத ஆற்றங்கரையில், மீன்வலைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அவருடைய அறை. இயற்கை மருத்துவர். வருகிறவர்கள் பெரும்பாலும் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்கள். எதைக் கொடுப்பதற்கு முன்னும் அவர்கள் எதிரிலேயே மருத்துவமனைக்குப் போன் போடுவார். "டாக்டர், இஞ்சி மாத்திரை குடுக்கப் போறேன். வேணாம்னா இப்பவே சொல்லுங்க, அப்பறம் திட்டாதீங்க."

அடுத்தது பொத்தான். ஒரு வெள்ளைச் சட்டைப் பொத்தானை மேசையில் வைத்து, "எடு, பாப்போம்" என்பார். கீமோ விரல்நுனிகளை மரத்துப்போகச் செய்யும். எடுக்க முடிகிறதா என்பதுதான் சோதனை.

அவருடைய உடுப்புகளில் மட்டும் பொத்தானே கிடையாது. எல்லாம் ஜிப். தீயணைப்புக்காரி என்று ஊரில் கேலி செய்வார்கள். "அவசரத்துக்கு ஆகும்ல" என்பார்.

குடிநீர் நிலையத்தில் பொறியாளராக இருக்கும் காரின் கோஸ்கெலா இதையெல்லாம் தன் அம்மாவோடு வந்து பார்த்தவள். அம்மா வெர்னா பாதிச் சிகிச்சையில் அடம்பிடித்தார்.

"போதும் இல்மா. கீமோவ விட்டுட்டு உன் கஷாயத்த மட்டும் குடிச்சிக்கறேன்."

"அப்போ என்கிட்ட வராத. கட்டிய ஆஸ்பத்திரியில பாக்கட்டும், விரல நான் பாக்கறேன். எந்திரிடி, வண்டியில ஏறு."

"பிசாசே" என்றபடி வெர்னா ஏறினார்.

மருந்து ஏறும் நேரம் முழுக்க இல்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, விரல்கள் மரத்துப்போகாமலிருக்க, உறைய வைத்த கையுறைகளை மாற்றி மாற்றி மாட்டிவிட்டார்.

"நான் என்ன சால்மன் மீனா, ஐஸ்ல போட்டு வச்சிருக்க?"

"சால்மன் இவ்வளவு பேசாது."

சிகிச்சை முடிந்தது. அடுத்த ஆண்டு நோய் ஈரலில் திரும்ப வந்தது. இந்த வசந்தத்தில் வெர்னா இறந்தார்.

காரின் அம்மாவின் பையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். இல்மா வழக்கம்போல வாங்கிக் கவிழ்த்தார். ஒதுக்கப் போன கை பாதியில் நின்றது.

"இதெல்லாம் ஏதாவது செஞ்சுதா? உண்மையச் சொல்லுங்க" என்றாள் காரின்.

"கட்டிய ஒண்ணும் செய்யல. செய்யும்னு நான் சொன்னதும் இல்ல."

"அப்போ எதுக்கு?"

"கடைசியா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறப்போ உங்கம்மா என்ன பண்ணா?"

"கோட்டு மாட்டிவிடப் போனேன். என் கையத் தட்டிவிட்டாங்க. பொத்தான் அத்தனையும் அவங்களே போட்டுக்கிட்டாங்க."

இல்மா தலையசைத்தார். "எனக்குக் கீமோ ஏத்தினப்போ இந்தக் கையுறையெல்லாம் கிடையாது" என்று மட்டும் சொன்னார்.

பிறகு மேசையில் கிடந்த பொத்தானை எடுக்கப் போனார். அது நழுவியது. மறுபடியும் நழுவியது. விரலால் அதை மேசை விளிம்புவரை தள்ளிக்கொண்டே வந்து, கீழே ஏந்திய மறு கையில் விழவைத்து, மூடிக்கொண்டார்.