மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை

பெகாயிமின் மேசைக்குப் பின்னால் சுவர் முழுக்க அட்டைகள் குத்தியிருக்கும். அட்டைக்கு ஒரு விதி. அட்டைகளுக்கு இடையே நூல் ஓடும்: ஒரு விதி இன்னொன்றைக் கிளப்பிவிட்டால் பச்சை, இரண்டும் முட்டிக்கொண்டால் சிவப்பு. பிஷ்கெக் நகரத்தில் எங்கள் சிறிய நிறுவனத்தில் அவளுக்கு அதுதான் வேலை. அரசு அலுவலகங்களில் ஒரு விண்ணப்பம் மேசை மேசையாக நகர்வதைக் கணினியில் நடத்தும் மென்பொருள் செய்கிறோம். யாருக்குத் தகுதி, எத்தனை நாள் கெடு, எப்போது தள்ளுபடி என்று அலுவலகத்தார் நூற்றுக்கணக்கில் விதிகள் கொடுப்பார்கள். அவை ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்ளும் என்று பார்த்துச் சொல்பவள் பெகாயிம்.

பதினொரு வருடம் பள்ளியில் கணக்கு நடத்திவிட்டு வந்தவள். தப்பைக் கண்டுபிடிப்பதில் கூர்மை. அதைச் சொல்லிக்காட்டுவதில் இன்னும் கூர்மை. மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. நான் கோட்டைவிட்ட பிழை ஒன்றை எல்லோர் முன்னாலும் காட்டி, "ஐகனிஷ் கண்ணாடி போட்டிருக்கிறது அழகுக்குத்தான் போல" என்றாள். இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சம்சா வாங்கிவந்து என் மேசையில் வைத்தாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

உடல் குறை உள்ளவர்களுக்குச் சக்கர நாற்காலி, ஊன்றுகோல், காது கேட்கும் கருவி கொடுக்கும் நகர அலுவலகம் ஒன்று எங்களிடம் வந்தது. முறை வந்தும் பலர் வாங்க வருவதில்லை, கருவிகள் அலமாரியில் தூங்குகின்றன என்பது அவர்கள் குறை. அதற்காக அவர்கள் கேட்ட விதிதான் நாற்பத்தொன்று: முறை வந்தவரை மூன்று நாள், நாளுக்கு ஒரு தடவை தொலைபேசியில் அழைக்க வேண்டும், எடுக்காவிட்டால் 'விருப்பமில்லை' என்று விண்ணப்பத்தை மூடிவிட வேண்டும். அவர்கள் கொடுத்த பட்டியலில் தொண்ணூற்றாறாம் விதியும் இருந்தது: விருப்பமில்லாதவர் ஒரு வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. பெகாயிம் இரண்டுக்கும் நடுவே பச்சை நூல் கட்டினாள். முட்டல் எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டாள். என் கைபேசி எண்ணைக் கொடுத்து நானும் சோதித்தேன். மணி அடித்தது, எடுத்தேன், சரியாக இருந்தது.

ஆறே மாதத்தில் காதுக் கருவிக்கான வரிசை பாதியாகக் குறைந்தது. அலுவலகம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. எங்கள் முதலாளி எமில் கேக் வெட்டவைத்தார். பெகாயிமைப் பேசச் சொன்னார்கள். "நிஜமாவே காது கேக்கணும்னு ஆசை இருக்கிறவங்க மட்டும்தான் இப்ப வரிசையில நிக்கிறாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

ஏப்ரலில், திரை மெதுவாக நகர்கிறது என்று அந்த அலுவலகத்திலிருந்து புகார் வந்தது. நேரில் பார்க்கப் பெகாயிம் போனாள். அவள் எழுத்தர் சபீராவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தபோது ஒரு அம்மாள் ஜன்னலுக்கு வந்தார். பெயர் ஜுமாகுல். தையல் பட்டறையில் இருபது வருடம் மிஷின் இரைச்சலில் உட்கார்ந்து காது போனவர். சபீரா ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினாள்: மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை, விண்ணப்பம் மூடப்பட்டது.

ஜுமாகுல் முதலில் சிரித்தாராம், கேலி செய்கிறார்கள் என்று நினைத்து.

"போன் பண்ணீங்களா? எனக்கா? காது கேட்டா நான் ஏம்மா இங்க வரேன்?"

சபீரா தோளைக் குலுக்கி, இதைச் செய்தவர் இவர்தான் என்று பெகாயிமைக் கை காட்டினாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். அந்த நொடியிலேயே பெகாயிமுக்குப் புரிந்துவிட்டது. பச்சை நூல், கையெழுத்து, கேக், எல்லாம் கண்முன் வந்தன. ஆனாலும் அத்தனை கண்களுக்கு முன்னால் தப்பு என்று ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. தாளை வாங்கி, சபீரா எழுதியதற்குக் கீழே எழுதினாள்: 'வீட்டில் யாராவது எடுத்திருக்கலாமே.'

ஜுமாகுல் அதை இரண்டு தடவை படித்தார். தாளை மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலையே பெகாயிம் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். தொலைபேசியை எடுக்காததால் மூடப்பட்ட காதுக் கருவி விண்ணப்பங்கள் முந்நூற்றுப் பதினொன்று. எமிலிடம் சொன்னாள். விதி கேட்டது அவர்கள், ஒப்புதல் கொடுத்ததும் அவர்கள், அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் மாற்றிவிடுவோம் என்றார் அவர். பெகாயிம் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். ஒன்பது நாள் அப்படியே போனது. பத்தாம் நாள் மதியம், லக்மான் நூடுல்ஸ் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"விதியில தப்பு வந்ததைக்கூடப் பொறுத்துக்கலாம் ஐகனிஷ். நான் எழுதினேன் பாரு, அந்த ஒரு வரி. அதை என் கையாலதான் எழுதினேன்."

அந்த விதியைச் சோதித்தவள் நான். காது கேட்பவளின் எண்ணைக் கொடுத்துச் சோதித்தேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

மறுநாள் பெகாயிம் நகர அலுவலகத்துக்கே போய் விஷயத்தைச் சொன்னாள். மூடியவற்றை மறுபடி திறக்க, தப்பு யாருடையது என்று எழுத்தில் வேண்டும் என்றார்கள். பெகாயிம் எமிலிடம் கேட்காமலே எழுதிக் கொடுத்தாள்: விதிகளின் தொடர்பைச் சரிபார்த்தவள் நான், தவறு என்னுடையது. எமில் இரண்டு வாரம் அவளைக் கூட்டங்களுக்குக் கூப்பிடவில்லை. முந்நூற்றுப் பதினொரு பேருக்கும் பழைய இடமே திரும்பக் கிடைத்தது. இந்தத் தடவை கடிதம் போட்டார்கள்.

ஜுமாகுலுக்கு மட்டும் கடிதத்தைத் தானே கொண்டுபோனாள். என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். நகரத்தின் ஓரத்தில், பாதி கட்டிய வீடுகளுக்கு நடுவே இருந்தது அந்த வீடு. கதவைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "எவ்வளவு நேரம் தட்டுவீங்க? அவங்களுக்குக் கேக்காதுன்னு தெரியாதா? ஜன்னல் பக்கம் போய்க் கையை ஆட்டுங்க" என்றாள். பெகாயிமின் முகம் கறுத்துவிட்டது.

உள்ளே போனதும் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதப் போனாள். ஜுமாகுல் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எழுதினது போதும். முகத்தைப் பாத்துச் சொல்லு. உதடு அசையறது எனக்குப் புரியும்."

"தப்பு என்னோடது அக்கா."

"எது?"

"விதியும். சீட்டுல எழுதினதும்."

ஜுமாகுல் தேநீர் ஊற்றினார், ரொட்டியைப் பிட்டு எங்கள் முன்னால் வைத்தார். பிறகு, அந்தச் சீட்டைப் படமெடுத்து மாஸ்கோவில் வேலை செய்யும் மகளுக்கு அனுப்பியதாகச் சொன்னார். தான் ஊரில் இருந்திருந்தால் தொலைபேசியை எடுத்திருக்கலாம், அம்மாவுக்குக் கருவி கிடைத்திருக்கும் என்று அந்தப் பெண் அழுதிருக்கிறாள். வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்கிறாளாம்.

"என்கிட்ட சொன்னதை அவகிட்டயும் சொல்லு" என்று கைபேசியில் வீடியோ அழைப்பைப் போட்டுக் கையில் கொடுத்தார்.

திரையில் தலையில் வலை மாட்டிய ஒரு பெண், ஏதோ சமையற்கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். பெகாயிம் பெயரைச் சொன்னாள், வேலையைச் சொன்னாள், உன் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்றாள். அந்தப் பெண், "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டாள். திரும்பும் வழியில் மினிபஸ்ஸில் பெகாயிம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபடியே வந்தாள்.

ஜுமாகுலுக்கு ஆகஸ்டில் கருவி கிடைத்தது. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. பெகாயிம் கேட்கவும் இல்லை.

அனுப்பிய கடிதங்களில் பத்தொன்பது முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தன. சனிக்கிழமைகளில் பெகாயிம் அவர்களைத் தேடிப் போக ஆரம்பித்தாள். சிலர் மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் மாறியிருந்தார்கள். இரண்டு பேர் இறந்துபோயிருந்தார்கள். இன்னும் ஆறு பேர் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஆள் கிடைக்காத விண்ணப்பங்களைத் தானாக மூட ஒரு விதி போட்டுவிடலாமே என்று போன மாதம் சபீரா கேட்டாளாம். பெகாயிம் முடியாது என்று சொல்லிவிட்டாள். அந்த ஆறும் இன்னும் திறந்தே கிடக்கின்றன.