இழுக்காத வண்டி

வன்னியபெருமாளுக்கு ஐம்பது வயது இன்னும் முடியவில்லை. உடம்போ எழுபது என்றது. பதினாலு வருஷமாக ஒரே பிக்கப் வண்டி. கடம்பூர்ப் பக்கத்து ஊர்களில் பெண்கள் வீட்டிலிருந்தே ஒட்டித் தரும் தீப்பெட்டிக் கூடுகளை ஏற்றிவந்து, கோவில்பட்டி ஏஜென்ட் சௌந்தரபாண்டியனிடம் இறக்குவது பிழைப்பு. மூட்டை தூக்க ஆள் வைக்க வழியில்லாமல் மனைவி வெயிலம்மாளே கூட வருவாள்.

ஆறு மாதமாக வண்டிக்கு ஒரு வினோத நோய். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று இழுவை போய்விடும். எவ்வளவு மிதித்தாலும் முக்குமே தவிர நகராது. ஓரங்கட்டிப் பத்து நிமிடம் விட்டால், ஒன்றுமே நடக்காதது போல ஓடும். பில்டரை இரண்டு தடவை மாற்றினார். பம்ப்பைப் பிரித்து மாட்டினார். ஒர்க்‌ஷாப்பில் மட்டும் அது பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அடக்கமாக நிற்கும்.

அன்று காலையில் ஏஜென்ட் முகம் கொடுக்காமலே சொல்லிவிட்டார்.

"நாலு மணிக்குள்ள சரக்கு வரலன்னா, நாளைலேர்ந்து முத்துகிருஷ்ணன் வண்டிதான். பாத்துக்கிடுங்க."

மூன்று மணிக்கு, நடுக் கரிசல்காட்டில், வண்டி படுத்தது. ஸ்டியரிங்கில் தலை சாய்த்தார் வன்னியபெருமாள். கோபப்படக்கூடத் தெம்பில்லை. அந்த வழியே டி.வி.எஸ்.ஸில் வந்த மெக்கானிக் காளிராஜ் நிறுத்தினான். நோய் இருக்கும்போதே வைத்தியன் கையில் சிக்கியது அன்றுதான்.

காளிராஜ் டீசல் குழாயைக் கழற்றினான். சொட்டு வரவில்லை. வாய் வைத்து ஊதினான், டேங்குக்குள் குபுகுபுவென்றது. டீசல் கொட்டியது.

"உள்ள என்னமோ கெடந்து வாய அடைக்கி, அண்ணாச்சி. வண்டி நின்னா வெலகிருது."

டேங்கின் மேல்தட்டைக் கழற்றிக் கம்பியால் துழாவினான். ஒரு பாலித்தீன் பொட்டலம் வந்தது. உள்ளே திருநீறு.

"இத எவன் போட்டான்?"

வெயிலம்மாள் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாந்தான் தம்பி. கோயில் கொடையில வாங்குனது. புள்ளைக்கு நோவுன்னா வாயில போடுதோம்லா? ஆறு மாசத்துக்கு முன்ன கியர் பாக்ஸ் போயி வண்டி ஒரு மாசம் கெடந்துச்சு. சும்மா போட்டா டீசல்ல கலந்துருமேன்னு கவர்ல கெட்டிப் போட்டேன்."

"நல்ல வேளை மைனி, தேங்காய உடச்சுப் போடாம விட்டீங்க."

வன்னியபெருமாள் சிரிக்கவில்லை. ஆறு மாத அலைச்சலும் அந்தச் சின்ன முடிச்சுக்குள் இருந்தது. காளிராஜ் தட்டை மாட்டியதும் வண்டியைக் கிளப்பினார்.

வண்டி கிடங்கு வாசலில் நின்றபோது நாலு இருபது. மூட்டைகள் இறங்கி முடிந்ததும் ஏஜென்ட் கேட்டார்.

"இன்னைக்கு என்ன கதை?"

கேபினில் ஏறியிருந்த வெயிலம்மாளுக்கு அது கேட்டது.

"எம்மேலதான் தப்பு, அண்ணாச்சி. டேங்கு மூடியச் சரியா அடைக்காம வுட்டுட்டேன். குப்பை விழுந்துட்டு. எடுத்தாச்சு."

"இத்தன வருசம் வண்டி ஓட்டுத மனுசன், மூடி அடைக்கத் தெரியல?" ஏஜென்ட் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒரு வாரம் பாக்குதேன். அதுக்கு மேல கேக்கப்படாது."

வழி நெடுக வெயிலம்மாள் சத்தமில்லாமல் அழுதாள். இரண்டு கை நிறையப் பாசத்தை அள்ளிப் போட்டது இப்படி முடிந்ததே என்ற அழுகை. பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக வன்னியபெருமாள் கியரிலிருந்து கையெடுத்து அவள் கையைப் பிடித்தார்.

"போதும்ட்டி. காலைல அஞ்சுக்கு எந்திரிக்கணும்."