இருபது நிமிஷக்காரர்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்கிறது. லைசென்சிலும் வங்கிப் புத்தகத்திலும் அது பத்திரமாகத் தூங்குகிறது. தெருவுக்குத் தெரிந்ததெல்லாம் 'இருபது நிமிஷக்காரர்' என்ற பெயர்தான். அதைச் சொல்லிக் கேட்டால் யார் வேண்டுமானாலும் அவருடைய பட்டறைக்கு வழி காட்டுவார்கள்.

எல்லாம் தொழிலால் வந்த பெயர். கார் வாங்கியவர்களில் சிலருக்கு, அது கம்பெனியிலிருந்து வந்தபடியே நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் பொறுக்காது. பெரிய ஏர் ஃபில்டர், அகலமான சைலன்சர் குழாய் என்று எதையாவது மாட்டி வேகத்தைக் கூட்டப் பார்ப்பார்கள். மாட்டிய மறுநாள் வண்டி சிக்னலில் இருமும். நாலு பேர் பார்க்க நடுரோட்டில் நின்று மானத்தை வாங்கும். எஞ்சினை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்கு இந்த மாற்றமெல்லாம் யார் சொன்னது? அது பாட்டுக்குப் பழைய கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். அப்போதுதான் இவரிடம் ஓடி வருவார்கள். இவர் பானெட்டைத் திறந்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, துணியில் சுற்றி ஓரமாக ஒதுக்கிவைத்து, "இருபது நிமிஷம்" என்பார். அதற்குள் பெட்டி பழசையெல்லாம் மறந்துவிடும். பிறகு ஒயரை மாட்டி, ஆக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சாவியைக் கொடுத்துச் சுவரைக் காட்டுவார்.

சுவரில் ஒரு பலகை. அவரே சிவப்புப் பெயிண்டில் எழுதியது. 'ரீசெட் செய்த வண்டியை முதல் ஐம்பது கிலோமீட்டருக்கு, தினமும் ஓட்டுகிறவரே ஓட்டவும். மற்றவர் தொடக் கூடாது.' மறந்துபோன பெட்டி முதலில் யாருடைய கால் மிதிக்கிறதோ அந்தக் காலைத்தான் கற்றுக்கொள்ளும் என்பது அவர் கட்சி. ஆட்டோமேட்டிக் கியர் வண்டி என்றால் இன்னும் மோசம், சொன்னதைப் பிடித்துக்கொண்டு விடாது என்பார். இந்த விஷயத்தில் அவர் ரொம்பக் கறார். ஒரு முறை மாப்பிள்ளையின் வண்டியை மாமனார் எடுத்துப் போக வந்தபோது, சாவியைத் தராமல் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

வண்டிகளுக்கு வேகம் கூட்டியே வயிறு வளர்த்த இந்த மனிதர் ஓட்டும் அழகைச் சொல்ல வேண்டும். சைக்கிளில் போகிறவர்கள் அவரை முந்திப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். மஞ்சள் விளக்கைத் தூரத்தில் கண்டாலே நின்றுவிடுவார். பச்சை விளக்கைக் கண்டாலும் அது மாறுமோ என்று கொஞ்சம் யோசிப்பார்.

மனைவி பிரசவம் பார்க்கும் நர்ஸ். கூப்பிட்ட வீட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர். ஆட்டோமேட்டிக் கியர் வைத்த சின்னக் கார் ஒன்றைத் தன் சம்பளத்தில் வாங்கி ஒன்பது வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கார் ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை. இருபது நிமிஷக்காரருக்கு அதுதான் உறுத்தல். ஊரில் உள்ள கார்களெல்லாம் அவர் கைவண்ணத்தில் உறுமும்போது, சொந்த வீட்டுக் கார் பூனைபோல் வந்து நிற்பதாவது?

மனைவி மூன்று நாள் பயிற்சிக்காக வெளியூர் போன சமயம் பார்த்து, ஃபில்டரிலிருந்து சைலன்சர் குழாய் வரை எல்லாவற்றையும் மாற்றினார். திரும்பி வந்ததும் அசந்துபோவாள் என்று நினைத்தார். முறைப்படி ரீசெட்டும் செய்தார். முதல் ஐம்பது கிலோமீட்டரை அவரே ஓட்டினார். பலகை கண்ணில் படாமல் இல்லை. ஆனால் அது வாடிக்கையாளர்களுக்கு எழுதியது அல்லவா?

திங்கட்கிழமை காலை மனைவிக்கு ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. போனவர் மத்தியானம் திரும்பி வந்தார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"என் வண்டியை என்ன பண்ணீங்க?"

"சும்மா, கொஞ்சம் வேகத்தைக் கூட்டி..."

"கூட்டினீங்களா? எவ்வளவு மிதிச்சாலும் நகரவே யோசிக்குது. நான் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே குழந்தை பிறந்திடுச்சு. பக்கத்து வீட்டம்மா கையில ஏந்தியிருக்காங்க. நல்லபடியா முடிஞ்சுது, சரி. முடியலன்னா யாரு பதில் சொல்றது? நான் உங்ககிட்ட கேட்டேனா?"

"கேக்கல."

"சனிக்கிழமைக்குள்ள சரியாகணும். இல்லன்னா எதிர்க்கடையில விட்டுடுவேன்."

எதிர்க்கடைக்காரரும் மெக்கானிக்தான்; ஒரு காலத்தில் இவருக்குப் பங்குதாரர். இப்போது வேலை இல்லாத நேரமெல்லாம் டீ கிளாசோடு வாசலில் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் கையில் மனைவியின் சாவி போவதை நினைத்தபோது இருபது நிமிஷக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கும் அடியில், யாரோ ஒரு பெண்ணின் பிரசவ நேரத்தில் விளையாடிவிட்டோமே என்ற வெட்கமும் இருந்தது.

அந்த வாரம் மூன்று முறை ரீசெட் செய்தார். மூன்று முறையும் தானே ஐம்பது கிலோமீட்டர் பொறுப்பாக, நிதானமாக ஓட்டினார். ஒவ்வொரு முறையும் கார் முன்னைவிடச் சாதுவாகிக்கொண்டே வந்தது.

சனிக்கிழமை காலை மனைவி பையோடு பட்டறைக்கு வந்தார். எதிர்வாசலில் டீ கிளாஸ் ஆஜராகியிருந்தது. மனைவி காரைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த பலகையை நிதானமாகப் படித்தார்.

"யார் எழுதினது இது?"

"நான்தான்."

"தினமும் ஓட்டுறவங்கன்னு போட்டிருக்கு. இந்த வண்டியை தினமும் ஓட்டுறது யாரு?"

அவர் கைத்துணியால் பானெட்டைத் துடைத்தார்.

"நீ எப்படி ஓட்டுவன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் துடைத்துக்கொண்டே. "பாத்து, மெதுவாதான் ஓட்டுவ. அதான் நானே..."

"எப்பப் பார்த்தீங்க?"

யோசித்துப் பார்த்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். சேர்ந்து போனபோதெல்லாம் ஸ்டியரிங் இவர் கையில்தான். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அதை அவர் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தார்.

இருபது நிமிஷக்காரர் பானெட்டைத் திறந்து நெகட்டிவ் ஒயரைக் கழற்றினார். ஏழு நிமிஷம் ஆகியிருக்கும். மனைவியின் போன் அடித்தது. எடுத்து இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"வலி எடுத்திடுச்சாம். இன்னும் எவ்வளவு நேரம்?"

பட்டறையில் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அது வாய்வரை வந்து நின்றது. இருபது நிமிஷக்காரர் எதிர்வாசலை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒயரை எடுத்து மாட்டத் தொடங்கினார்.

"ஆயிடுச்சு. அஞ்சே போதும்."

"அப்ப மீதி பதினஞ்சு?"

"அது மரியாதைக்கு," என்றார் ஸ்பானரைப் பார்த்தபடி. "அஞ்சு நிமிஷத்துல முடிச்சுக் குடுத்தா, இவ்வளவுதானான்னு கேப்பாங்க."

மனைவி ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். எஞ்சின் மூச்சு நிதானப்படும்வரை காலை எடுத்தே வைத்திருந்தார். அந்த அளவுக்குப் பலகை இல்லாமலே தெரிந்திருந்தது. இவர் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் தெருமுனை வந்துவிட்டது.

மனைவி ஒரு சிவப்பு விளக்கையும் தாண்டவில்லை, ஒருவர் வழியையும் மறிக்கவில்லை. ஆனால் சும்மா கிடந்த ஒரு கஜ சாலையையும் வீணாக்கவில்லை. எந்தச் சந்தில் நுழைந்தால் எந்தச் சிக்னலைத் தவிர்க்கலாம் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இருபது நிமிஷக்காரர் தன் பக்கத்துத் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். கார் முதல் இரண்டு வளைவில் தயங்கியது, பிறகு புரிந்துகொண்டதுபோல் உறுமி எழுந்தது.

"குழாய் இருக்கட்டும்," என்றார் மனைவி கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல். "நல்லாத்தான் இருக்கு."

இருபது நிமிஷக்காரர் முக்கால் மணி நேரத்தில் போகிற தூரத்தை மனைவி பதினெட்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு, பையோடு உள்ளே ஓடிவிட்டார். இவர் வெளியில் நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷமாகத் தன் பக்கத்தில் எவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து வந்திருக்கிறாள் என்று இப்போதுதான் தெரிந்தது. காருக்குள் ஏறிப் பழக்க தோஷத்தில் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார்.

ரொம்ப நேரம் கழித்து வீட்டு ஜன்னல் வழியாக ஒரு குழந்தை வீறிடுவது கேட்டது. மனைவி கையைத் துடைத்துக்கொண்டே சிரித்த முகத்தோடு வந்து, ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தார்.

"களைச்சிருப்ப. நான் ஓட்டட்டுமா?" என்று கேட்டார் இருபது நிமிஷக்காரர்.

"இறங்குங்க. பதினாறு கிலோமீட்டர்தான் ஆகியிருக்கு."

அவர் இறங்கிச் சுற்றிப் போய், அந்தப் பக்கம் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.