வெல்லத்துக்குள் வைத்த மாத்திரை

பாகூர் பக்கத்தில் நாங்கள் கரும்பு வைத்திருந்த காலம். வீட்டு நாய்க்கு உடம்பெல்லாம் சொறி பிடித்து, ரத்தம் வருமளவு மரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் வெள்ளை மாத்திரை கொடுத்தார். "பசி, தாகம் ரொம்ப இருக்கும், பயப்படாதீங்க. ஆனா திடீர்னு மட்டும் நிறுத்திடாதீங்கம்மா, உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்" என்றார். என்னிடம்தான் சொன்னார். என் வீட்டுக்காரர் வெளியே வண்டி மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

மாத்திரையை வெல்ல உருண்டைக்குள் வைத்துக் காலையும் மாலையும் கொடுத்தேன். ஒரே வாரத்தில் அரிப்பு போன இடம் தெரியவில்லை. ஏழு வயது மகளுக்குத் தலைகால் புரியவில்லை. அது அவள் வளர்த்த நாய்.

பிறகுதான் வேறொன்று ஆரம்பித்தது. மாட்டுத் தொட்டியில் வாயை வைத்தால் எடுக்காது. பட்டப்பகலில், யாரும் பேசாத நேரத்தில், சளப் சளப் என்று அந்தச் சத்தம் மட்டும் வீடு முழுக்கக் கேட்கும். சோறு, தவிடு, கரும்புச் சக்கை, சாணி எதையும் விடவில்லை. முதுகெலும்பு துருத்திக்கொண்டு நிற்க, வயிறு மட்டும் பானையாக உப்பியது. விலாவில் முடி கொட்டி, மெலிந்த தோலுக்குள் நரம்பு ஓடுவது தெரிந்தது. அடுப்படியில் நான் திரும்பினால் வாசலில் நின்றுகொண்டிருக்கும். குரைக்காது. மூச்சு வாங்க, என் கையையே பார்க்கும்.

"அது நம்ம நாயே இல்லடி. இன்னாவோ பூந்துகினு இருக்குது உள்ள" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவளைத் திட்டி அனுப்பினேன். எனக்குப் பொல்லாத வாய். ஆனால் அன்றிலிருந்து வெல்லத்தைக் கையால் கொடுக்காமல் தூர நின்று வீசினேன். உள்ளதைச் சொன்னால், அதன் பக்கத்தில் போகவே எனக்குப் பயம்.

சித்திரையில் மகளுக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகினோம். அம்மை இருக்கும் வீட்டில் மருந்து சேர்க்க மாட்டோம், தாளிப்புகூடக் கிடையாது. தைலம், தலைவலி மாத்திரை எல்லாவற்றையும் வாரிக் குப்பைமேட்டில் போட்டேன். நாயின் மாத்திரையையும் சேர்த்துத்தான்.

"நாய்க்கு இன்னா பண்ணுவ?" என்றார் அவர்.

"ஆத்தா வூட்டுல இருக்கும்போது மருந்துப் பேச்சா? வாயக் கழுவுங்க."

டாக்டர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அவரிடம் சொல்லவில்லை. அது தொலைந்தால் போதுமென்று இருந்தது.

மூன்றாம் நாள் தண்ணீர்ச் சத்தம் நின்றது. தொட்டி விளிம்புவரை நிறைந்து அப்படியே கிடந்தது. நாய் வாந்தியெடுத்து, கால் நடுங்கி, மகள் படுத்திருந்த அறை வாசலில் விழுந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வெறும் வெல்லத்தை நீட்டினேன். சாணியைக்கூட விடாதது, மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாள் மத்தியானம் செத்தது. அன்றைக்கே மகளுக்கு அம்மை இறங்கத் தொடங்கியது.

"ஆத்தா புள்ளைய வுட்டுட்டு நாய எடுத்துகினா" என்றது ஊர்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று மகள் கேட்டாள்: "எனக்காகத்தான் செத்துச்சாம்மா?"

ஆமாம் என்றேன்.

இன்று அவளுக்கே கல்யாண வயதில் பெண் இருக்கிறாள். சித்திரை வந்தால் அந்த நாய்க்கென்று ஒரு வெல்ல உருண்டையை வாசலில் வைத்துக் கும்பிடுகிறாள். என்னையும் கூப்பிடுகிறாள். நானும் போய்ப் பக்கத்தில் நின்று கும்பிடுகிறேன்.