வாய் இல்லாத படம்

வார்டில் எல்லோரும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக அங்கே தரை துடைப்பதும் படுக்கை மாற்றுவதும் அவள் வேலை. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான புற்றுநோய் வார்டு அது. புதிதாக யார் வந்தாலும் பெரியக்காவின் கண் அவர்கள் மேலேயே இருக்கும்.

படம் சொல்லிக் கொடுக்க ஒரு பெண் வர ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. புதன்கிழமை தோறும் வருவாள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மூலை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பூவும் வீடும் வரைய எதற்குக் கதவைச் சாத்த வேண்டும்? பெரியக்கா அவளுக்குப் படக்காரி என்று பெயர் வைத்தாள். பெயின்ட் டப்பாக்களைக் கழுவும்போது கறுப்பு மட்டும் சீக்கிரம் தீர்ந்துபோவதைக் கவனித்தாள். ஒருநாள் குப்பைக் கூடையில் கசங்கிய தாள் ஒன்று கிடைத்தது. பிரித்துப் பார்த்தால், ஆளில்லாத கட்டில்.

நேரே தலைமை நர்ஸிடம் போனாள்.

"அந்தம்மா பிள்ளைங்க மனசைக் கெடுக்குது சிஸ்டர். சாவைப் பத்திப் பேச வைக்குது."

"டாக்டர் சொல்லித்தான் வராங்க. பேசினா பாரம் குறையுமாம்."

"பேசினா நோய் குறையுமா?" என்று முணுமுணுத்தபடி வெளியே வந்தாள்.

அடுத்த புதன்கிழமை துடைப்பமும் வாளியுமாக அந்த அறைக்குள் நுழைந்தாள். கேட்டால் தரை ஈரம் என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் கேட்கவில்லை. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் வக்கீல் என்று பெயர் வாங்கியவள், வரைந்துகொண்டிருந்தாள். பெரியக்கா எட்டிப் பார்த்தாள். நீலப் புடவையில் ஒருத்தி ஆறாம் கட்டிலின் விரிப்பை மடிக்கிறாள். சந்தேகமே இல்லை, பெரியக்காதான். கண், மூக்கு, கொண்டை எல்லாம் இருந்தன.

"வாய் எங்கடி?"

"நீங்க அன்னைக்கு உண்மையைச் சொல்லலையே. ஆறாம் கட்டில் பையன் வீட்டுக்குப் போயிட்டான்னீங்க. அவன் செருப்பு கட்டிலுக்கு அடியிலயே கிடந்துச்சு அக்கா."

பெரியக்கா படக்காரியை முறைத்தாள். "இதை நீங்கதானே வரையச் சொன்னீங்க?"

"இல்லீங்க. மறக்க முடியாத ஒரு நாளை வரையச் சொன்னேன். அவ்வளவுதான்."

நம்பலாமா என்று அவள் யோசிப்பதற்குள் வக்கீல் அடுத்ததைக் கேட்டுவிட்டாள். "அவனுக்கு ரொம்ப வலிச்சுதா?"

பெரியக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

"வலிக்கு ஊசி போட்டிருந்தாங்க. தூங்கிட்டுத்தான் இருந்தான். அவங்கம்மா கையைப் பிடிச்சிருந்தாங்க. நானும் பக்கத்துலதான் இருந்தேன். மூச்சு மெதுவா நின்னுச்சு. செத்துட்டான்னு உங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரலை."

"எனக்கு ஏதாவது ஆனாலும் மத்தவங்ககிட்ட வீட்டுக்குப் போயிட்டாள்னுதான் சொல்வீங்களா?"

"மாட்டேன்."

வக்கீல் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள், சாட்சி பொய் சொல்கிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். பெரியக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க் குழாயடியில் நின்று அழுதாள்.

இரண்டு மாதம் கழித்து இரண்டாம் கட்டிலில் இருந்த வேறொரு பெண் ஒரு காலையில் இறந்துபோனாள். பெரியக்கா ஒவ்வொரு கட்டிலாகப் போய் உட்கார்ந்து, இறந்துவிட்டாள் என்றே சொன்னாள். தலைமை நர்ஸ் கடிந்துகொண்டாள். வார்டிலேயே சின்னவன் அவள் மடியில் முகம் புதைத்து வெகுநேரம் விம்மினான். செய்தது சரிதானா என்று அவளுக்கே தெரியவில்லை.

படக்காரி மேலிருந்த சந்தேகமும் முழுசாகப் போய்விடவில்லை. இப்போதெல்லாம் புதன்கிழமைகளில் உள்ளேயே உட்கார்ந்து, அவள் என்ன பேசுகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறாள்.